உள்பக்கத்து ரேகை

காலை பத்து மணிக்கு அவள் ஆய்வறைக்குள் நுழைந்தபோது பம்புகள் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தன. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட எஃகுக் கலத்துக்குள், சுண்டுவிரல் நகம் அளவே உள்ள படிகம் இருந்தது. அதன்மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால் திரையில் வரிசை பிசகாமல் பச்சைப் புள்ளிகள் எழும். அழுக்குப் பட்டால் மங்கும்.

நேற்று மாலை பளிச்சென்று இருந்தவை இன்று மங்கிக் கிடந்தன. இது மூன்றாவது நாள்.

வெள்ளிக்கிழமைக்குள் நல்ல படம் கிடைக்காவிட்டால் ஆறு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான். இரவில் அறைச் சாவி, கருவிகளைப் பராமரிக்கும் மெஷின்காரரிடம் மட்டுமே இருந்தது. மூன்று நாளாக அவர் அவள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா?

அதே கருவியை நுண்ணோக்கியாக மாற்றிப் பார்த்தாள். படிகத்தின் மேல் வளைவு வளைவாகக் கோடுகள்.

பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. மெஷின்காரரை உள்ளே கூப்பிட்டாள்.

"கையுறை போடாம தொட்டீங்களா, அண்ணா?"

அவர் இரண்டு பெருவிரல்களையும் விளக்கடியில் நீட்டினார். தழும்பு இல்லை.

"உனக்கு முன்னாடி இந்தத் தழும்போட ஒருத்தன் இருந்தான்மா. அவசரத்துல படிகத்த வெறுங்கையால தொட்டுட்டான். நான்தான் புகார் எழுதினேன். அவன வெளிய அனுப்பிட்டாங்க." குரல் இறங்கியது. "அடுத்த வாரமே உயிர விட்டுட்டான்."

கதை கட்டித் தப்பிக்கப் பார்க்கிறார் என்றே அவளுக்குத் தோன்றியது. அவரை வெளியே அனுப்பித் தாழிட்டாள். படிகத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்ததும் புள்ளிகள் பளிச்சென எழுந்தன. பிறகு மடிக்கணினியில், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த புகாரைத் திறந்தாள். அனுப்பினால் அவர் வேலை போய்விடும். தெரிந்தேதான் எழுதியிருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரு புள்ளி அணைந்தது.

பிறகு இன்னொன்று.

கலத்தின் சிறு கண்ணாடிச் சன்னலில் குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்க மூச்சு பட்ட பனி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பனி அடர்ந்துகொண்டே போனது.

அழுத்தமானியின் முள் அசையவில்லை. உள்ளே காற்றே கிடையாது.

கதவுக்கு வெளியிலிருந்து மெஷின்காரர் மெல்லக் கேட்டார்.

"அனுப்பிட்டியாம்மா?"

பனியின் நடுவே தழும்போடு ஒரு பெருவிரல் ரேகை பதிந்தது. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள்.

ரேகை அப்படியே இருந்தது, கண்ணாடியின் உள்பக்கத்தில்.