கேனுக்குள் இரண்டு சிவப்பு மீன்கள்

வாண்டுவின் அப்பா நடத்தும் முடிவெட்டும் கடையில், பெரிய கண்ணாடிக்குக் கீழே ஒரு மீன் தொட்டி இருந்தது. முன்பு அதில் ஒரு கூட்டமே நீந்தியது. இப்போது கரியன் என்ற கறுப்பு மீன் மட்டும்தான்.

போன மாதம் அப்பா புதிதாக ஒரு மீன் வாங்கி, அப்படியே தொட்டிக்குள் விட்டார். "நோய் நொடி எதுவும் கிடையாது" என்று சொல்லித்தான் மீன் கடைக்காரர் விற்றார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? கொஞ்ச நாளில் எல்லா மீன்கள் மேலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. கரியன் எப்படியோ தப்பியது.

இன்று, வழக்கமாக ஷேவ் செய்ய வரும் பஸ் டிரைவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே இரண்டு சிவப்பு மீன்கள்.

"எங்க வீட்டு மீனு. உங்க தொட்டி பாக்கவே சகிக்கல, வச்சுக்கோங்க."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். உடனே பையைப் பிரிக்கப் போனார்.

"அப்பா, விடாதீங்க!"

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாண்டு, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாக்கலாம்ப்பா. இதுக்கும் நோய் இருந்தா கரியனும் போயிடும்."

டிரைவரின் முகம் சுருங்கியது. "ஓகோ! அப்ப நான் நோயத்தான் பையில கட்டிக்கிட்டு வந்திருக்கேனா?"

"சின்னப் புள்ள, விடுங்கண்ணே," என்றார் அப்பா. "இன்னொரு தொட்டிக்கு நான் எங்க போறது பாப்பா?"

வாண்டு விடவில்லை. "மாமா, ஷேவ் பண்றப்ப அப்பாகிட்ட என்ன சொல்வீங்க?"

"புது பிளேடு போடுன்னு சொல்வேன். பின்ன? கண்டவன் மூஞ்சியில போட்டத எனக்குப் போடுறதா?"

"அவங்கள்லாம் நோயாளியா?"

"அப்படி இல்ல. யாருக்கு என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்..."

டிரைவரின் பார்வை மீன் பைக்குப் போனது. நாற்காலியில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா அவர் தலையைப் பிடித்து நிறுத்தினார். "ஆடாதீங்க, காது போயிடும்!"

கடைக்குப் பின்னால், வாய் உடைந்த தண்ணீர் கேன் ஒன்று கிடந்தது. அப்பா அதன் கழுத்தை அறுத்துக் கொடுத்தார். வாண்டு சோப்புப் போடாமல் தேய்த்துக் கழுவி, முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினாள். மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்கப் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டினாள். கேனுக்கென்று ஒரு தனிக் குவளையும் எடுத்துவைத்தாள்.

"இதத் தொட்ட எதுவும் தொட்டியத் தொடக்கூடாது. உங்க கையும்தான்ப்பா."

"உத்தரவு!" என்றார் அப்பா.

அந்த வாரமே சிவப்பு மீன்கள் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"வீட்டுல நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா எனக்குத் தெரியாது பாப்பா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. அதுங்க கேன்லதானே இருக்கு, பாத்துக்கலாம். கரியனுக்கு ஒண்ணும் இல்ல."

மருந்தாகக் கல்லுப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேனில் ஊற்றினாள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாள். பக்கெட் தூக்க டிரைவர் சாயங்காலம் தவறாமல் வந்து நின்றார்.

"வெட்டுறதுக்கு முடியே இல்ல, தினமும் எதுக்குண்ணே கடைக்கு வர்றீங்க?" என்று அப்பா சீண்டினார்.

"உன் மூஞ்சியப் பாக்கவா வர்றேன்? என் மீனப் பாக்க வர்றேன்!"

புள்ளிகள் உதிர்ந்தன. "இப்ப விடலாமா?" என்றார் டிரைவர். "இன்னும் கொஞ்ச நாள்," என்றாள் வாண்டு. மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில்தான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்கள் தொட்டிக்குப் போயின. கரியன் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு இரை தூவியதும் இரண்டையும் இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாகப் பாய்ந்தது. "திமிரப் பாரு!" என்று டிரைவர் கைதட்டினார். வாண்டு கேனைக் கழுவி வெயிலில் காயவைத்தாள்.

மறுநாள் டிரைவர் ஒரு நீர்ச்செடியோடு வந்தார். "தொட்டிக்குள்ள வச்சா அழகா இருக்கும்!"

வாண்டு வாயைத் திறக்குமுன் அப்பா பாய்ந்து வந்து செடியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, என்ன அவசரம்? பாப்பா, அந்தக் கேனை எடு!"