இருபத்தெட்டு டிகிரி

மேஜைமேல் ஒரு கைத்தடம் இருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. வெப்பக் கேமராவில் பார்த்தால் தொட்ட இடத்திலெல்லாம் கைத்தடம் தெரியும். உள்ளங்கைச் சூடு பலகையில் ஒட்டிக்கொண்டு, ஓரிரு நிமிடம் வெள்ளையாய் இருந்துவிட்டு, மெல்ல ஆறி மறையும். ஆனால் இந்தத் தடம் கறுப்பாக இருந்தது.

சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு, இடைப்பட்டதெல்லாம் சாம்பல். அந்தப் பழைய கேமராவுக்குத் தெரிந்த நிறம் அவ்வளவுதான். யாரோ மேஜையில் கையை ஊன்றி எழுந்ததுபோல ஐந்து விரலும் விரிந்து கிடந்தன. மெக்கானிக் கேமராவைத் தாழ்த்திவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தான். பிரித்துப்போட்ட வாஷிங் மெஷின் போர்டு, சால்டரிங் கம்பி, காலையில் குடிக்க மறந்து ஆடை படிந்துபோன டீ. மேஜைப் பலகை காய்ந்துதான் இருந்தது.

“ஸ்பிரிட் சிந்தியிருக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டான். போர்டு துடைக்கிற ஸ்பிரிட் ஆவியாகும்போது பட்ட இடத்தைக் குளிரவைக்கும். ஸ்பிரிட் பாட்டில் இறுக மூடியிருந்ததை அவன் பார்க்கத்தான் செய்தான். நான்கு நாளாய்த் தூங்காதவனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். அது சரியா என்று சோதிக்கத் தெம்பிருக்காது.

மகளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள். எட்டு வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். அந்த வானொலி நான்கு நாளாய் அடுத்த அறையில், கட்டிலில், ஒலி குறைந்து கிடந்தது. மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள். இன்று மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். அதுவரை அவன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இடையிடையே போர்டையும் பார்க்க வேண்டும். வெளியே மழை. மூன்று மணிக்கே அறை இருட்டிக்கொண்டு, ஈரத் துணியும் மருந்தும் கலந்த வாடை வீடு முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

கேமராவை எடுத்துக்கொண்டு மகளின் அறை வாசலில் நின்று அவளைப் பார்த்தான். வெப்பமானியை அக்குளில் வைத்தால் சிணுங்குவாள்; இது தொந்தரவில்லாத வழி. முதல் நாளே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தான், அரை டிகிரிதான் வித்தியாசம். கேமரா அரை நிமிடத்துக்கு ஒருமுறை தன்னையே சரிசெய்துகொண்டு உள்ளே ‘டக்’ என்று ஒரு கதவைச் சாத்தித் திறக்கும். அந்த நொடி படம் உறைந்து நிற்கும். கிழவர்கள் பேச்சின் நடுவே மூச்சு வாங்குவதுபோலத்தான்.

நெற்றியில் முப்பத்தொன்பதரை. நெற்றி நடுவே சின்னதாக ஒரு பேப்பர் டேப். பளபளப்பான உலோகத்தின் சூடு கேமராவை ஏமாற்றும் என்பதால் அதன்மேல் டேப் ஒட்டி, டேப்பின் சூட்டைப் படிப்பது அவன் வழக்கம். காலையில் அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்ப எவ்ளோப்பா?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“கொஞ்சம் இருக்கு. தூங்கு.”

“போர்டுன்னா கழட்டி மாத்திடுவீங்க. என்னைய என்ன பண்ணுவீங்க?”

“உனக்கு ஸ்பேர் கிடைக்காதுடா வானொலி. ஒரே பீஸ்.”

அவள் சிரிக்க முயன்றாள். அந்த முயற்சி அவனுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று திரும்பிவிட்டான்.

டம்ளருடன் வந்து மறுபடி கேமராவைத் தூக்கினான். அவள் வெள்ளை நெற்றியில், டேப்பை மறைத்தபடி, ஒரு கறுப்புத் தடம். ஐந்து விரல். விரல்கள் நெற்றியைத் தாண்டி, உச்சியைத் தாண்டி, பின்னந்தலைவரை போயின.

“நெத்தியில ஈரத் துணியை யாரு போட்டா?”

“துணி இல்லப்பா. நீங்கதான கை வச்சீங்க, இப்ப. ஜில்லுனு நல்லாருந்துச்சு.”

கேமரா ‘டக்’ என்றது. படம் திரும்பி வந்தபோது தடம் பாதி கரைந்திருந்தது, ஓரத்தில் எண் முப்பத்தெட்டைக் காட்டியது. ஒன்றரை டிகிரி குறைந்திருந்தது. நான்கு நாளில் மருந்து செய்யாததை அந்தத் தடம் இரண்டு நிமிடத்தில் செய்திருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டான். பழைய கேமரா, பழைய படம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளை எதையோ உளறுகிறது. சூடு குறைந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. அவன் தொழிலே அப்படித்தான். போர்டில் மின்சாரம் விட்டதும் எது சூடாகிறதோ அதுதான் திருடன். குளிர்ந்து கிடப்பதை யாரும் தேடுவதில்லை. டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்: நாற்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று. எவ்வளவு குறைந்தால் தூக்கிவர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மனைவி போனில் கூப்பிட்டாள். பின்னால் ரயில் சத்தம்.

“எப்படி இருக்கா?”

“குறையுது. முப்பத்தெட்டு.”

“கை வச்சுப் பாத்தீங்களா?”

“கேமரால பாத்தேன்.”

“என்னங்க, கை வச்சுப் பாருங்க. அந்த ஓட்டை மெஷின நம்பிட்டு இருக்காதீங்க.”

“சரி” என்றான். வைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து இரண்டு நிமிடம் கண்ணை மூடிவிட்டு வைக்கலாம் என்று நினைத்தான். போர்டு நாற்றமும் மழைச் சத்தமும் ஒன்றாகக் கலந்து அவனை இழுத்துக்கொண்டு போயின.

‘டக்.’

மடியில் கிடந்த கேமராதான் அவனை எழுப்பியது. மணி ஐந்தரை. மழை விட்டிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழாய் சொட்டும் ஓசைகூட இல்லை.

“அப்பா. எனக்கு சரியாயிடுச்சு.”

அவள் அறை வாசலுக்கு ஓடினான். மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள். நெற்றியில் டேப் அப்படியே இருந்தது. நான்கு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் வாட்டம் இல்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. கதவில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதான்.

“வாங்கப்பா. கை வச்சுப் பாருங்க.”

ஒரு அடி வைத்தவன், பழக்க தோஷத்தில் கேமராவைத் தூக்கினான்.

திரையில் கட்டில் காலியாக இருந்தது.

படம் உறைந்திருக்கிறது என்று காத்திருந்தான். ‘டக்’. தலையணை, சுவர், ஜன்னல், எல்லாம் ஒரே சாம்பல். கேமராவைத் தாழ்த்தினான். மகள் இருந்தாள். சிரித்தாள். தூக்கினான். சுவர்தான். நடுப்புள்ளியை அவள் நெற்றி இருக்க வேண்டிய இடத்துக்கு, அந்த டேப்புக்கு, கொண்டுபோனான். டேப் பொய் சொல்லாது.

இருபத்தெட்டு.

சுவரைக் காட்டினான். இருபத்தெட்டு.

“என்னப்பா?”

கேமரா தானாகத் தாழ்ந்தது, கட்டிலுக்குக் கீழே. அங்கே வெள்ளையாய் ஏதோ இருந்தது.

சின்ன உருவம். முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு. பின்னல் அவிழ்ந்த தலை. அந்த உடம்பை அவனுக்குத் தெரியும். அவள் தூங்கும்போது இப்படித்தான் சுருண்டுகொள்வாள். அவள் வாயை ஒரு கறுப்புக் கை மூடியிருந்தது. நீள விரல்கள் பின்னந்தலைவரை.

வெறுங்கண்ணால் பார்த்தான். செருப்பு. தூசி. உருண்டுபோயிருந்த பழைய பந்து.

கேமராவில் பார்த்தான். அவள் இருந்தாள். எண் முப்பத்தைந்து காட்டியது. அவன் பார்க்கப் பார்க்க முப்பத்துநாலரை.

தரையில் விழுந்து கையை நீட்டினான். திரையில் அவன் கை அவள் தோளைத் தொட்டது. விரலில் பட்டது தரை மட்டும். தரை வெதுவெதுப்பாக இருந்தது.

முப்பத்துமூன்று.

“வானொலி. டேய். அப்பா இருக்கேன்டா.”

திரையில் அந்தச் சின்ன உருவம் தலையைத் திருப்பியது. ஒரு கையை அவன் பக்கம் நகர்த்தித் தரையில் ஊன்றியது. முப்பத்தொன்று. முகம் சாம்பலானது. கால்கள் போயின. வயிறு போனது.

மேஜைமேல் போன் அடித்தது. கட்டிலிலிருந்து இரண்டு கால்கள் இறங்கி அவன் முகத்தைத் தாண்டிப் போயின. மணி நின்றது.

“அம்மா, எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு” என்றது மகளின் குரல். “அப்பாவா? கட்டிலுக்கு அடியில எதையோ தேடுறாரு. வந்துட்டீங்களா? சரி, கதவைத் திறக்குறேன்.”

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உருவம் முழுதும் ஆறிவிட்டது. தரையில் மிஞ்சியது ஒரு சின்ன கைத்தடம், வெள்ளையாக. ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். சூடு போய்விடாமல். பாட்டரி தீர்ந்து திரை அணைந்தது. வாசலில் கதவு திறக்கும் சத்தம், மனைவி செருப்பைக் கழற்றும் சத்தம், “எங்க காட்டு, அம்மா நெத்தியில கை வச்சுப் பாக்குறேன்” என்ற அவள் குரல்.

பிறகு அவள் குரல் நின்றது. அவன் கையை எடுக்கவில்லை. கைக்கு அடியில் தரை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அது மகளுடைய சூடா தன்னுடையதா என்று மட்டும் தெரியவில்லை.