சார்ஜன்ட்டின் புதர்

வில்ஃபின் கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. மெல்லிய கோடுதான். ஆனால் அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணே போயிருக்கும்!" அம்மா பஞ்சை மருந்தில் நனைத்தாள். "போதும். சனிக்கிழமை மரம் வெட்டற டாப்சனை வரச் சொல்றேன். அந்தப் புதர் வேரோட போகணும்."

எடி மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்ஃப் அவளுடைய தம்பி. நான்கு வயது. அவனுக்கு அடிபட்டதில் அவளுக்கும் பயம்தான். ஆனால் புதர் போனால் சார்ஜன்ட் என்ன ஆவான்?

சார்ஜன்ட் என்பது ஒரு பூங்குருவி. மார்பு முழுக்கக் கரும்புள்ளி, எப்போதும் விறைப்பு. எங்கள் தெருவில் எல்லாரும் முன்தோட்டத்தை அழித்துக் கல் பாவி, அங்கே காரை நிறுத்திவிட்டோம். மிச்சம் இருந்தது எடி வீட்டு வாசலில் நிற்கும் அந்த நெருப்புமுள் புதர் ஒன்றுதான். குளிர்காலம் வந்தால் அதில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். நவம்பரிலேயே சார்ஜன்ட் வந்து அதைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். வேறு பறவை எட்டிப் பார்த்தால் போதும், கிலுகிலுப்பையை ஆட்டுவதுபோல் "கிர்ர்ர்ர்" என்று கத்தி விரட்டுவான். தபால்காரரையும் விடமாட்டான்.

வடக்கே மலைகளில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று வானொலி சொன்னது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வருமாம். தரை உறைந்தால் புழு கிடைக்காது. பழம்தான் கதி.

"அம்மா, பனி முடியற வரைக்குமாவது..."

"எடி, உன் தம்பி கண்ணு முக்கியமா, ஒரு குருவி முக்கியமா?"

அம்மா சொல்வது நியாயம். நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

சனிக்கிழமை காலை டாப்சனின் வேன் வந்து நின்றது. மீசையில் உறைபனி ஒட்டியிருக்க, அவர் மோட்டார் ரம்பத்தை இறக்கி வாசலில் வைத்தார். அம்மா வில்ஃபைக் குளிப்பாட்டப் போனாள். போகும்போது, "ஆரம்பிச்சிடுங்க, டாப்சன்!" என்று குரல் கொடுத்தாள்.

எடி வாசலுக்கு ஓடினாள். புதரைப் பார்த்தாள். பாதையை மறித்துக்கொண்டு நீளமான குச்சிகள் காற்றில் ஆடின. வில்ஃபைக் கீறியதும் அதில் ஒன்றுதான்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். அந்தக் குச்சியில் ஒரு பழம்கூட இல்லை!

அடுத்த குச்சியைப் பார்த்தாள். அதிலும் இல்லை. நீட்டிக்கொண்டிருந்த எல்லாமே இந்தக் கோடையில் முளைத்த புதுக் குச்சிகள். வெறும் முள். பழமெல்லாம் உள்ளே, சுவரை ஒட்டிய பழைய கிளைகளில் இருந்தது.

'கீறுறது வேற, பழம் தர்றது வேற!' எடி சட்டென்று திரும்பினாள்.

டாப்சன் ரம்பத்தை முடுக்கும் கயிற்றைப் பிடித்தார்.

"மிஸ்டர் டாப்சன்! டீ குடிச்சீங்களா?"

அவர் கை அப்படியே நின்றது. "அட, யாரும் கேக்கலையேன்னு நெனச்சேன் கண்ணு. பால் கொஞ்சம், சர்க்கரை ரெண்டு."

எங்கள் ஊரில் வேலைக்கு வந்தவருக்கு முதலில் டீ. அதை உட்கார்ந்து, சூடாக, கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும். கோப்பையில் டீ இருக்கும்போது கருவியைத் தொட்டால் வீட்டுக்காரர்களை அவமதித்த மாதிரி. ராஜாவே கூப்பிட்டாலும் டாப்சன் எழுந்திருக்க மாட்டார்.

எடி இருப்பதிலேயே பெரிய கோப்பையாக எடுத்து விளிம்பு வரை ஊற்றினாள். அதை அவரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் கவாத்துக் கத்தரியையும், சமையலறைக் கொக்கியில் தொங்கிய அடுப்புக் கையுறைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கடக்! முதல் குச்சி விழுந்தது. கடக்! அடுத்தது. பழம் இருந்தால் தொடவில்லை. வெறும் முள்ளாக இருந்தால் விடவில்லை. அந்தப் பெரிய கையுறையில் பாதியைத்தான் அவள் கை நிரப்பியது. முட்கள் தடித்த துணியையும் துளைத்துக் குத்தின.

கூரையிலிருந்து சார்ஜன்ட் பார்த்தான். அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கிர்ர்ர்ர்!" என்று பாய்ந்து வந்து அவள் காதை உரசிக்கொண்டு பறந்தான்.

"உனக்காகத்தாண்டா செய்யறேன், மடையா!" என்றாள் எடி, கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

திரும்பிப் பார்த்தாள். கோப்பை காலி! டாப்சன் எழுந்து கொண்டிருந்தார்.

"இன்னொரு கப்?" கத்தியேவிட்டாள்.

டாப்சன் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். தரையில் கிடந்த குச்சிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"பிஸ்கட்டும் இருந்தா நல்லாருக்கும்," என்றார்.

இரண்டாவது கோப்பையை அவர் ஊதி ஊதிக் குடித்தார். ஆவி நின்ற பிறகும் ஊதினார்.

பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, உயரத்தில் ஆடிய குச்சியையும் எடி வெட்டிவிட்டாள். தெருவோரக் கேட்டருகே மட்டும் பாக்கி. அதற்குள் பின்னால் வீட்டுக் கதவு திறந்தது.

"எடித்!"

முழுப்பெயர். அவ்வளவுதான், தொலைந்தோம்.

அம்மா ஈரக் கையோடு நின்றாள். அவள் பின்னால் துண்டு சுற்றிய வில்ஃப். "என்ன பண்ணிட்டு இருக்கே? டாப்சன், நீங்க என்ன பண்றீங்க?"

"டீ குடிக்கிறேன்," என்றார் டாப்சன்.

எடி வாளியிலிருந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது. "அம்மா, தம்பியைக் கீறின குச்சியெல்லாம் வெட்டிட்டேன். உங்க நீலச் சால்வையைக் குடுங்க. புதர் ஓரமா இழுத்துக்கிட்டு நடக்கறேன். எங்கயாவது ஒரு நூல் மாட்டினாலும் நான் வாயே திறக்கமாட்டேன். நீங்க அடியோட வெட்டிடுங்க."

நீலச் சால்வை மெல்லிய கம்பளி. அம்மாவுக்கு உயிர். நகம் பட்டாலே நூல் வந்துவிடும். அம்மா கொஞ்ச நேரம் மகளையே பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

எடி வாசற்படியிலிருந்து நடந்தாள். சால்வை புதரை ஒட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. மாட்டவில்லை. பாதிப் பாதை. மாட்டவில்லை. டாப்சன்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார். இதோ கேட். இன்னும் ஓர் எட்டு.

சடக்.

சால்வை நின்றுவிட்டது. கேட்டருகே மிச்சமிருந்த ஒரே ஒரு முள், ஒரே ஒரு நீல நூலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எடி வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். கண்கள் மட்டும் நிரம்பி வழிந்தன.

அம்மா வந்து குனிந்தாள். நூலை மெல்ல விடுவித்தாள். அந்தக் குச்சியை நுனியிலிருந்து அடி வரை பார்த்தாள்.

"இதுல பழமே இல்லையே," என்றாள்.

எடி தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அகலமாக, சுத்தமாகக் கிடந்தது. நீளக் குச்சிகள் போனதால் சுவரெல்லாம் பழக்கொத்து. இத்தனை பழம் அங்கே இருந்தது அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. கூரையிலிருந்து இறங்கிய சார்ஜன்ட் அதன் நடுவில் உட்கார்ந்து, விறைப்பாக எல்லாரையும் முறைத்தான்.

"அவன் நம்மளத் திட்டறான்மா!" என்று வில்ஃப் சிரித்தான். கன்னத்துச் சிவப்புக் கோடும் சேர்ந்து வளைந்தது.

"அந்தக் கத்தரியை இப்படிக் குடு," என்றாள் அம்மா.

கடக்! கடைசிக் குச்சியை அவளே வெட்டினாள்.

டாப்சன் ரம்பத்தைத் தூக்கி வேனில் வைத்தார். "ரெண்டு கப் டீ. இன்னிக்கு வேலை ரொம்பக் கடினம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சொன்னபடியே பனி கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளை. எடி வீட்டு வாசலில் மட்டும் ஆரஞ்சு நிறம். அதன் உச்சியில், இறகை உப்பவைத்துக்கொண்டு, வாய் நிறையப் பழத்தோடு சார்ஜன்ட்.

உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் கோழி அடுப்பில் பொரிந்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுக்க அம்மா அடுப்புக் கையுறைக்குள் கையை விட்டாள்.

"ஆ! எடி!"

எடி நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

அம்மா கையுறையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

"அடுத்த வருஷம் வெட்டறதுக்கு முன்னாடி," என்றாள் அம்மா, "உனக்குன்னு தனியா ஒரு ஜோடி கையுறை வாங்கணும்."