லைன் கட் பண்ண வந்தவன்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றின் கேட்டுக்கு வெளியே ஒருவன் தோளில் ஏணியும் தலையில் ஹெல்மெட்டுமாக நின்று மணியடித்தான்.

தேவிஸ்ரீ அப்போதுதான் வேலை முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஈரத் துண்டோடு கிரில் கதவருகே வந்தாள்.

"யாருங்க?"

"டிவி கம்பனிலேர்ந்து வரேன். மீனம்மா வீடுதானே? லைன் கட் பண்ணச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு."

"கட்டா? நாங்க யாரும் சொல்லலையே!"

"சொல்லிருக்காங்க. ‘இன்னைக்கே வந்து கழட்டிட்டுப் போங்க’ன்னு போன்ல ஒரே சத்தமாம்..."

உள்ளே சோபாவில் நாடகத்துக்காகக் காத்திருந்த அம்மா மீனம்மா, "ஐயையோ!" என்று எழுந்தே விட்டார்.

விஷயம் இதுதான். வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் மீனம்மா அந்தக் கம்பனிக்குப் போன் போடுவார். "வெலைய மட்டும் ஏத்துங்க... காட்டறதெல்லாம் வெளம்பரம்! எனக்கு வேணாம், கட் பண்ணுங்க!" என்று சத்தம் போடுவார். எதிர்முனையில் பதறிப்போய் மாதக் கட்டணத்தைக் குறைப்பார்கள். இந்த வித்தையை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் இந்த வருடம் கதை வேறு. நாடகம் வரும் தமிழ் அலைவரிசைக்கும் கம்பனிக்கும் சண்டை. ‘இந்த அலைவரிசை விரைவில் நிறுத்தப்படலாம்’ என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. பலர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு லைனை வெட்டினார்கள். அந்தக் கும்பலில் மீனம்மாவின் பொய்க் கோபமும் சேர்ந்துவிட்டது.

"அது சும்மா சொன்னது தம்பி!"

"சும்மா சொன்னதுன்னு ஆர்டர்ல போடலையே ஆன்ட்டி..."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். இமையில் மழைத்துளி தங்கியிருந்தது. வாய் சிரிப்பதற்கு முன்பே கண்கள் சிரித்துவிட்டன.

‘சிரிப்பைப் பாரு... அடுத்தவங்க வீட்டு டிவியைக் கழட்ட வந்துட்டு’ என்று நினைத்தாள் தேவிஸ்ரீ. நினைத்தவள் ஏன் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"ஈரத்தோட உள்ள வராதீங்க, காலைலதான் தரைய மாப் பண்ணேன்."

"அப்ப டிவிய நீங்க வெளிய தூக்கிட்டு வரீங்களா?"

"ரொம்பத்தான்லா!"

அவன் காலை நன்றாகத் துடைத்துவிட்டே உள்ளே வந்தான். பெட்டியின் பின்னால் குனிந்தான். சரியாக அந்த நேரம், அப்போதுதான் தொடங்கியிருந்த நாடகம் நின்று விளம்பரம் வந்தது. ஒரு பெண் குரல் கொஞ்சலாக அழைத்தது.

‘கறி கொதிக்குதா...? கதவைத் தொறந்து வைங்க... விருந்தாளி வருவாங்க! செந்தாழை மசாலாத்தூள்!’

"அலமாக்! இங்கயும் இதானா?" அவன் தலையில் கை வைத்தான். "எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பொண்ணு முன்னாடியே வந்து நிக்குது ஆன்ட்டி. நாடகத்தைவிட இதான் அதிகம். மாசாமாசம் காசும் கட்டி இதையும் கேக்கணுமா? அந்தக் குரலக் கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும். யாரு பேசினதுன்னு தெரிஞ்சா வாயில பிளாஸ்திரி ஒட்டிட்டு வருவேன்!"

மீனம்மா வாயைத் திறந்தார். தேவிஸ்ரீ அம்மாவின் கையை அழுத்திப் பிடித்தாள்.

அந்தக் குரல் அவளுடையது.

சேகரன் முதலாளியின் மசாலா மில்லில் அவள் கணக்கெழுதுகிறாள். பள்ளி மேடையில் ஒரு வரிகூடக் கிடைக்காத பெண் அவள், எப்போதும் கடைசி வரிசை. ஒருநாள் முதலாளி, "கே.எல். ஸ்டூடியோலேர்ந்து ஆள் கூப்பிட்டா கட்டுப்படியாகாது... நீ பேசிப் பாரும்மா" என்றார். பேசினாள். ஒரே தடவையில் எல்லோரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக யாரோ அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தீபாவளி விளம்பரத்தையும் அவளே பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதிவு இந்தச் சனிக்கிழமை... அவள் அந்த நாளுக்காகவே காத்திருந்தாள்.

இப்போது அவளே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

அவனோ மீனம்மாவின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, பாதி கழற்றிய வயரை மீண்டும் சொருகிக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, வீட்டுல ஆள் இல்லன்னு போட்டுடறேன். நீங்க இன்னைக்கே போன் போட்டு கட் வேணாம்னு சொல்லிடுங்க. எங்க ஆபீஸ்ல கேட்டா நீங்க என்னைப் பாக்கவே இல்ல, சரியா?" பெட்டியின் மேல் தன் போன் எண் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினான். "ஏதும் பிரச்சனைன்னா கூப்பிடுங்க. என் பேரு காந்தன்."

‘நல்லவனாவும் இருந்து தொலைக்கிறானே... இவனை எப்படி வெறுக்கிறது?’

கேட்டைப் பூட்டுகிற சாக்கில் குடையோடு பின்னாலேயே போனாள். அவன் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது, அந்தக் கொஞ்சல் குரலிலேயே மெல்லச் சொன்னாள்.

"கறி கொதிக்குதா...? கதவைத் தொறந்து வைங்க... விருந்தாளி வருவாங்க."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"பிளாஸ்திரி கொண்டு வந்தீங்களா?" என்றாள். உதடு நடுங்கியது. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் நனைந்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றான்.

மறுநாள் காலை சேகரன் முதலாளியிடம், "வேற ஆளப் பாருங்க" என்றாள். அவர் எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் யோசிம்மா" என்று அவர் விட்டுவிட்டார்.

அதே வாரத்தில் அலைவரிசையும் நின்றது. நாயகிக்குத் தாலி கட்டப்போகிற நேரத்தில் திரை கறுத்தது. அதன்மேல் ‘கூடுதல் அலைவரிசைகளுக்கு மேம்பட்ட தொகுப்புக்கு மாறுங்கள்’ என்று எழுத்து வந்தது.

"படத்தப் புடுங்கிட்டு அவனோட வெளம்பரத்த மட்டும் விட்டு வச்சிருக்கான் பாரு!" என்று மீனம்மா ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார். பிறகு ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மேலிடத்துச் சண்டையைத் தன்னால் சரிசெய்ய முடியாது என்று காந்தன் பொறுமையாக விளக்கினான். அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மீனம்மா, "நீங்க அன்னைக்குச் சொன்னதுலேர்ந்து தேவி சரியா சாப்பிடறது இல்ல தம்பி... சனிக்கிழமை வெளம்பரமும் பேச மாட்டேங்குது" என்று கொட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வந்தான். ஏணி இல்லை. சீருடை இல்லை. ஆர்டரும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மட்டும் இருந்தது.

தேவிஸ்ரீ கிரில்லுக்கு உள்ளேயே நின்றாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"பரவால்லீங்க. மனசுல பட்டதச் சொன்னீங்க."

"முழுசாச் சொல்லலையே..." அவன் கண்கள் இன்று சிரிக்கவில்லை. "எங்கம்மா அண்ணன்கூட குளுவாங்ல. நான் கிளேபாங்ல ஒரு ரூம்ல தனியா இருக்கேன். தெனம் கடையில கட்டி வாங்கற தாப்பாவ் சோறுதான். நாள் முழுக்க அடுத்தவங்க வீட்டு ஹால்ல குனிஞ்சு நிப்பேன்... அடுப்படிலேர்ந்து கறி வாசம் வரும். அப்பன்னு பாத்து உங்க குரல் வரும்... கதவத் தொறந்து வைங்க, விருந்தாளி வருவாங்கன்னு. எனக்கு யாருங்க வருவா? ரூமுக்குப் போனா பூட்டுதான். அதான்... கோவமா வரும்."

தேவிஸ்ரீ கிரில்லை நோக்கி ஓரடி முன்னால் வந்தாள்.

"இப்ப சேனல் இல்ல. விளம்பரமும் இல்ல. வீடு வீடா போறேன்... எல்லா வீடும் வெறிச்சோடிக் கெடக்கற மாதிரி இருக்கு. அந்தக் குரலத்தான் தேடறேன். குரல மட்டும் இல்ல..." அவன் தலைகுனிந்தான். "குடையப் புடிச்சுக்கிட்டு உதடு நடுங்க நின்ன பொண்ணையும்தான். எனக்காக வேணாம்... நாளைக்குப் போய்ப் பேசுங்க. ப்ளீஸ்."

"சாப்ட்டுப் போங்க தம்பி!" என்று அடுப்படியிலிருந்து மீனம்மா குரல் கொடுத்தார்.

அவன் தேவிஸ்ரீயைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘சொல்லுடி... சொல்லேன்’ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பாழாய்ப்போன ரோஷம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னொரு நாளைக்கு ஆன்ட்டி," என்றான் காந்தன்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் கிரில்லைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் அறைக்குள் போய் அழுதாள்.

சனிக்கிழமை அவள் பதிவுக்குப் போனாள். எழுதிக் கொடுத்ததைப் பேசி முடித்தாள். ஆனால் ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வரியும் சொன்னாள்.

"இது நான் எழுதலையே?" என்றார் சேகரன்.

"நல்லா இல்லைங்களா முதலாளி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும்மா... இருக்கட்டும்."

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கம்பனிச் சண்டை எப்படியோ தீர்ந்தது. அலைவரிசை திரும்பி வந்தது. கூடவே மாதக் கட்டணமும் கொஞ்சம் ஏறியது. ஊரெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நாடகம் பார்க்க உட்கார்ந்தது.

காந்தன் அப்போது உம்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் வயர் மாற்றிக்கொண்டிருந்தான். நாடகம் நின்றது. விளம்பரம் தொடங்கியதும் அந்த வீட்டு அம்மா சத்தத்தைக் குறைக்க ரிமோட்டை எடுத்தார்.

"ஆன்ட்டி... கொஞ்சம் இருங்க ஆன்ட்டி!"

‘கறி கொதிக்குதா...? கதவைத் தொறந்து வைங்க... விருந்தாளி வருவாங்க...’

சின்ன இடைவெளி. பிறகு கொஞ்சல் போய், லேசாக நடுங்குகிற நிஜக் குரல் வந்தது.

‘போன தடவ ரோஷத்துல சாப்பிடாம அனுப்பிட்டேன்... இந்தத் தடவ வந்தா விடமாட்டேன்.’

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தரையில் உருண்டது.

"என்ன தம்பி, ஷாக் அடிச்சிருச்சா?"

"ஆமா ஆன்ட்டி," என்றான் காந்தன்.

அன்று மாலை புக்கிட் காத்திலில் மறுபடியும் மழை. தலையில் நீர் சொட்டச் சொட்ட அவன் வந்து நின்றபோது கேட்டும் திறந்திருந்தது... கிரில்லும் திறந்திருந்தது. வாசலில் தேவிஸ்ரீ துண்டோடு நின்றாள். உள்ளே கறி கொதிக்கும் வாசம்.

"ஈரத்தோட உள்ள வரலாமா?"

"மாப் பண்ணிக்கலாம்."

துண்டை நீட்டினாள். விரல்கள் பட்டன. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

"தேவி... அந்தக் கடைசி வரி... எனக்கா?"

அந்த நேரம் பார்த்து உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் டக்கென்று நின்றது. நாடகத்தின் ஒரு வார்த்தையைக்கூட விடாத மீனம்மா, மாதாமாதம் காசு கட்டிப் பார்க்கிற நாடகத்தை ஊமையாக்கிவிட்டு வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

தேவிஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, கொஞ்சல் இல்லாத தன் சொந்தக் குரலில் சத்தமாகவே சொன்னாள்.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்குன்னு ஊருக்கே சொல்லியாச்சு... இன்னும் என்னா கேள்வி? வாங்க, சோறு ஆறுது."