கழுத்துருவைச் சுமந்த கழுதை

“கழுதையைக் காணோம்!”

உண்ணாமலை ஆச்சி போட்ட கூச்சலில், லாமு தீவின் படகுத்துறையில் சுருட்டிக் கட்டியிருந்த பாய்கள் தாமாகவே விரிந்துகொண்டன. கென்யாக் கரையோரத்துப் பழைய ஊர் லாமு. தெருக்கள் அத்தனை குறுகல். தும்மினால் எதிர்வீட்டுக்காரர் முகம் துடைக்க வேண்டும். காருக்கு வழியில்லை. பெட்டி படுக்கையெல்லாம் கழுதை முதுகில்தான். கழுதைக்காரர் அத்மன், ஊர் பார்க்க வந்த ஆச்சி குடும்பத்தின் மூட்டையை ஏற்றிவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன இடைவெளியில், கழுதை தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

“அவர் வரட்டும் ஆத்தா. அப்படி மூட்டையில என்னதான் இருக்கு?” என்றாள் மகள் சிகப்பி. நைரோபியில் வேலை, சுவாஹிலி தண்ணீர்பட்ட பாடு. ஆவணியில் கல்யாணம்.

“சீப்புச் சீடை டப்பா.”

“சீடைக்கா இந்தக் கூப்பாடு?”

“சீடைக்கு அடியில ஒன் கழுத்துரு இருக்குடி!”

தலைமுறை தலைமுறையாக வந்த தங்கக் கழுத்துரு! அது கழுத்தில் ஏறாமல் செட்டிநாட்டில் கல்யாணமா? காரைக்குடி வீட்டில் வைத்துவிட்டு வந்தால் திருடன் வருவானென்று, சரத்தைப் பிரித்து உருக்களை டப்பாவில் கொட்டி, மேலே சீடையை நிரப்பி, யாருக்கும் மூச்சுவிடாமல் கடல்தாண்டிக் கொண்டுவந்திருந்தாள் ஆச்சி.

“கழுதை கெட்டாக் குட்டிச்சுவருன்னு சும்மாவா சொன்னாக? கெளம்புங்க, குட்டிச்சுவரைத் தேடுவோம்!” என்றார் கணவர் சாத்தப்பன், கேமராவை மாட்டிக்கொண்டு.

தேடினார்கள். பவளக்கல் சுவர் இடிந்து நின்ற இடமெல்லாம் கழுதை நின்றது! ஊரில் ஆளுக்கு நாலு கழுதை. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அப்பாவி முகம். எதன் முதுகிலும் மூட்டை இல்லை.

“நிறுத்துங்க!” என்றாள் சிகப்பி. “துறையில அத்மனோட இன்னொரு கழுதை நிக்குது. அவுத்துவிட்டா அதுவும் வீட்டுக்குத்தானே போகும்? பின்னாலயே போவோம்!”

துறையில் காப்பி விற்ற கிழவர் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்துவிட்டார். புறப்பட்டது படை!

அந்தக் கழுதைக்கோ அவசரமே இல்லை. கோட்டை நிழலில் நின்று யோசித்தது. சந்தையில் மாம்பழத் தோலைச் சுவைத்தது. ஒரு முடுக்கில் எதிரே வந்த கழுதையோடு முட்டிக்கொண்டு ஒரு யுகம் நின்றது.

“இந்தாங்க, அதைத் தள்ளுங்க!”

“இரு உண்ணாமலை, இந்தக் கதவைப் பாரு! நம்ம ஊரு நிலைக்கதவு மாதிரியே பூவேலை!”

“தங்கம் தனியா ஊர்கோலம் போகுது, நீங்க கதவுக்குப் படம் எடுக்கிறீகளா?”

“கழுதை நிக்கிற எடத்துலதானே எடுக்கிறேன்? அது நல்லாத்தான் ஊர் காட்டுது!”

ஆச்சி பல்லைக் கடித்த ஓசையில் மாடப்புறாக்கள் பறந்தன.

கடைசியில் கழுதை ஒரு பச்சைக் கதவை நெற்றியால் முட்டியது. திறந்தவள் அத்மனின் மனைவி ஜுஹுரா. முற்றத்தில் ஓடிப்போன கழுதை. பக்கத்தில் இறக்கிவைத்த மூட்டை. அவிழ்ந்து கிடந்தது! சுற்றிலும் பிள்ளைகள், எல்லார் வாயிலும் நறநறவென்று சத்தம்.

“என் டப்பா!” ஆச்சி பாய்ந்தாள். திறந்தாள். காலி!

தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள்; சீடைத் தூள்தான் உதிர்ந்தது.

ஜுஹுரா உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து ஆச்சியின் மடியில் வைத்தாள். அவள் சொன்னதைச் சிகப்பி தமிழில் சொன்னாள்: “மூட்டை சரிஞ்சு டப்பா தொறந்துகிச்சாம். பிள்ளைக கை வச்சிருச்சாம், மன்னிக்கச் சொல்றாக. மேல இருந்தது பிரமாதமாம். அடியில இருந்ததுதான் பல்லுல ஏறலையாம்!”

முடிச்சுக்குள் கழுத்துரு! ஆச்சி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓர் உருவும் குறையவில்லை. ஜுஹுராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், “அரிசிமாவு இருக்கான்னு கேளுடி” என்றாள்.

தொழுகை முடிந்து அத்மன் வீடு திரும்பியபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

கழுத்துரு ஆவணியில் சிகப்பி கழுத்தில் பத்திரமாக ஏறியது. தங்கத்தை ஒளித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஆச்சி இன்றும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: “ருசியான பண்டத்துக்கு அடியில மட்டும் வைக்காதீக. பாகற்காய் வத்தலுக்கு அடியில வைங்க!”