வீட்டுக்காரி கண்ணில் படக்கூடாது

வந்தவள் சுவிட்ச் எங்கே என்று கேட்கவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால், அலமாரி இடுக்கில், மேஸ்திரியின் கோணல் புத்தியால் ஒளிந்துகிடந்த அந்தச் சுவிட்சை, இந்த வீட்டுக்குள் முதன்முறை நுழைந்த எவரும் சுவரைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவளோ இடக்கையில் பெட்டியைப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பாராமல், வலக்கையைப் பின்னால் நீட்டி விளக்கைப் போட்டாள்.

வீட்டுக்காரியான நர்ஸ் அந்தக் கையையே பார்த்தாள். ஆனாலும் முதல் விருந்தாளி. முகம் கோணக்கூடாது என்று சிரித்து, சாவியை நீட்டினாள்.

முப்பத்தோரு ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டவள் அவள். பிறந்த வீட்டில் சத்தமில்லாமல் நட என்றார்கள். புகுந்த வீட்டில் கண்ணில் படாமல் இரு என்றார்கள். இரண்டையும் உதறி எறிந்து, தன் உழைப்பில், தன் பெயரில் எழுப்பிய வீடு இது. ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை அறை, விற்றுத் தொலை என்று அண்ணன் குடும்பம் விடாமல் நச்சரித்தது. நாள் வாடகைக்கு விட்டாவது இதைக் கட்டிக் காப்பேன் என்று நர்ஸ் துணிந்தாள். காப்பாற்ற வேண்டியிருந்தது சுவர்களை மட்டுமல்ல. தனக்கென ஓரிடம் உண்டு என்கிற ஒரே உரிமையை.

ஒரு வாரத்தில் அலுத்துப்போய்த் தானே விற்பாள் என்ற நம்பிக்கையில் அண்ணியே யோசனைகள் சொன்னாள். மூன்றாண்டுகளாக அதே தொழிலில் இருப்பவள். விரிப்பு வெள்ளையாக இருக்கட்டும், குழாய் சொட்டக்கூடாது, துண்டுகளை மடித்து வை என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"வர்றவங்களுக்கு அது அவங்க வீடு மாதிரியே இருக்கணும். உன் படம், உன் துணி, உன் வாசம், எதுவும் இருக்கக் கூடாது. நீன்னு ஒருத்தி இருக்கிறதே தெரியக் கூடாது, புரியுதா?"

எத்தனை காலத்து ஆணை இது! எத்தனை வாய்கள் மாறி மாறி இட்ட ஆணை! வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்து நின்றவள், தொழில் நுணுக்கம் என்று அதற்குப் பெயர் சூட்டியதும் தலையாட்டிவிட்டாள். அடிமைத்தனம் புதுச்சட்டை போட்டு வந்தால் அறிவாளிக்கும் அடையாளம் தெரிவதில்லை. படங்கள், பெயர்ப்பலகை, கண்ணாடிக் கூடு, தைலப்புட்டி, சீப்பில் சிக்கிய நரைமுடி எல்லாவற்றையும் தன் கையாலேயே பொறுக்கிப் பின்னறையில் அடைத்து, தானும் அதற்குள் ஒடுங்கினாள்.

பிற்பகல் முழுவதும் சுவருக்கு அப்பாலிருந்து ஓசைகள் வந்தன. சமையலறையின் மூன்றாவது இழுப்பறை சிக்கும். சற்றே தூக்கி இழுத்தால்தான் வரும். அது ஒரே இழுப்பில் வந்தது. கூடத்தில் நடந்த காலடியில் வலக்கால் லேசாகத் தேய்ந்தது, நாள் முழுதும் நின்றே பிழைத்தவர்களின் கால் தேய்வதைப்போல. அந்தி மங்கும் நேரத்தில், மூடிய கதவின் இடுக்கு வழியே, கூடத்திலிருந்து தைலத்தின் வாசம் மெல்லக் கசிந்து வந்தது. நர்ஸ் தன் மடியைப் பார்த்தாள். புட்டி அங்கேதான் இருந்தது. இறுக மூடியபடி.

பிறகு, விருந்தாளி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"பின் ரூம்ல ஏதோ உருளுது. எலியா இருக்கும். நாளைக்குப் பாத்துக்கிறேன்."

அது நர்ஸின் குரல்.

கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். வெளியே போ என்று சீறியிருக்கலாம். ஆனால் அண்ணி அடுக்கிய யோசனைகளில் அப்படி ஒரு வரி இல்லை. மூச்சை அடக்கி உட்கார்ந்தாள். சத்தமில்லாமல். கண்ணில் படாமல்.

பொழுது விடிந்து நெடுநேரம் கழித்து, அண்ணியின் பேச்சுக்குரல் கேட்டுத்தான் எழுந்து ஓடினாள். கூடத்துத் தரை சோப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தது. அண்ணி நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்து, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியும் வாளியுமாகக் குந்தியிருந்த விருந்தாளியிடம் அவள் சலித்துக்கொண்டாள்.

"விக்கவே மாட்டேன்னு எத்தன வருஷமா எங்கள அலையவிட்ட. இப்பவாச்சும் வாயத் திற."

விருந்தாளி துணியைப் பிழிந்தாள். "வித்துடலாம் அண்ணி. எனக்கும் முடியல."

"அண்ணி, நான் இங்க நிக்கிறேன்," என்றாள் நர்ஸ்.

அண்ணி தோளைக் குறுக்கிக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்தச் சொன்னாள். காற்று வருகிறதாம்.

நர்ஸ் ஈரத்தில் இறங்கி நடந்தாள். சுவடுகள் விழுந்தன. குதிகால். ஐந்து விரல்கள். இருக்கிறாள். தரை சாட்சி. அண்ணியின் நாற்காலியை நோக்கி, ஏழு சுவடு, எட்டு. கத்துவதற்காக வாயைத் திறந்தாள். முதுகுக்குப் பின்னால் துணி தேயும் ஓசை.

திரும்பினாள்.

முதல் சுவடு இல்லை. இரண்டாவதும் இல்லை. விருந்தாளி குனிந்தபடியே துடைத்துக்கொண்டு வந்தாள். பகை இல்லை அந்த முகத்தில். அவசரமும் இல்லை. வீட்டுவேலை, அவ்வளவே.

ஐந்தாவது.

ஆறாவது.

மிச்சம், நர்ஸ் நின்றுகொண்டிருந்த இரண்டு சுவடுகள். கால் அசைய மறுத்தது. ஈரத்துணி வலக்கால் கட்டைவிரலின் மேல் வந்து, ஒருமுறை அழுந்தி, விலகியது.

வலிக்கவில்லை.

விரல் இருந்த இடத்தில் தரை பளபளத்தது. துணி அடுத்த விரலுக்கு வந்தது.