லிஜினின் ஐம்பத்தெட்டு கிலோ

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம், டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் முழுக்க நடந்துவிட்டு இறங்கிய டெல்சிக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. நைட்டியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், முதுகைத் தொட்டுப் பார்த்தாள். கொடியிலிருந்து அப்போதுதான் உருவியது மாதிரி மொறமொறவென்று இருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. டிரெட்மில்லோ பச்சை எழுத்தில் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு கலோரி என்று காட்டிக்கொண்டு நின்றது. வெளியே ஐப்பசி மழை கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கமிருந்து தென்னைகளை அடித்துக்கொண்டு வந்தது. பின்னால் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டின் புளிச்ச வாடை ஈரக்காற்றோடு கூடத்துக்குள் நுழைந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அடுத்த அறையிலிருந்து அவள் தம்பி லிஜின் மூச்சு வாங்குவது கேட்டது. மேட்டில் ஓடி ஏறி வந்தவனின் மூச்சு அது. அவன் மத்தியானத்திலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"லே மக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் புழுங்குது, அவ்வளவுதான்."

போர்வையைத் தொட்டாள். பிழிந்தால் ஒரு செம்பு வெள்ளம் வரும்போல் நனைந்திருந்தது. வந்த சீக்குக்கு ஆயிரம் கோலம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேறு போர்வை எடுத்துப் போட்டாள்.

லிஜினுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை நாகர்கோவிலில் டயாலிசிஸ். அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. பரிசோதித்துப் பார்த்ததில் அவனுக்குப் பொருந்தியது அக்காவின் சிறுநீரகம் ஒன்றுதான். அதை இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவளை டாக்டர் எடைமெஷினில் ஏற்றினார். எண்பத்து நான்கு. இந்த உடம்பைக் கீற முடியாது, மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், அதற்குமேல் தம்பிக்குத் தாங்காது என்று அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டார்.

கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கும் கூசாமல் உட்காருகிறவள் டெல்சி. "குண்டி பெருத்தாலும் குணம் பெருத்தவளாக்கும்" என்று கேலி பேசுகிறவர்களோடு சேர்ந்து சிரிக்கிறவள். இதை மட்டும் தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் உயிர் தன் இடுப்புச் சதையில் சிக்கிக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? சென்னையில் ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியில் பேப்பர் கிடக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள்.

தம்மாமில் வெளிநாட்டு வேலையில் இருக்கும் புருஷன் ஆபேல் கார்கோவில் டிரெட்மில்லை அனுப்பினான். போனிலேயே பாடமும் நடத்தினான்.

"ஏட்டி, வயசும் எடையும் போட்டாத்தான் கணக்கு சரியா வரும். இல்லேன்னா அது வாய்க்கு வந்தத சொல்லும். கம்பியப் பிடிச்சுத் தொங்காத, அப்பவும் கூடுதலாத்தான் காட்டும், கேட்டியா?"

ஏழாயிரத்து எழுநூறு கலோரி எரிந்தால் ஒரு கிலோ என்பதும் அவன் சொன்னதுதான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நாளுக்கு ஆயிரத்து நூறு, வாரத்துக்கு ஒரு கிலோ.

பட்டன்கள் லிஜினுக்குத்தான் தெரியும். செல்போன் கடையில் இருந்தவன்.

"அக்கா, எடை எவ்வளவு போட?"

எண்பத்து நான்கு என்றால் அடுத்த கேள்வி வரும், பொய் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். "உனக்குள்ளத போடு. இரும்புக்கு ஆளு தெரியுமா?" என்றாள்.

"கொள்ளாம்! அப்ப எனக்கும் சேர்த்து நீ நடப்பியா?" என்று சிரித்துக்கொண்டே தன் வயசு முப்பத்தாறு, எடை ஐம்பத்தெட்டு என்று அழுத்தினான். மெஷின் ஒருமுறை கூவி ஒப்புக்கொண்டது.

முதல் வாரம் மருந்துக்கடை எடைமெஷின் எண்பத்து நான்கு காட்டியது. இரண்டாம் வாரமும் அதேதான். மரச்சீனிக் கிழங்கை விட்டாள், ராத்திரிச் சோற்றை விட்டாள், கம்பியைத் தொடாமல் கை வீசி நடந்தாள். கடையை மாற்றியும் பார்த்தாள். எண்பத்து நான்கு.

நான்காம் வாரம் டயாலிசிஸ் முடிந்ததும், லிஜினை எடைபார்க்கும் நர்ஸ் சகாயசெல்வி அவளை ஓரமாக அழைத்தாள்.

"அக்கா, வெள்ளம் எல்லாம் எடுத்த பிறகு பாக்குத எடையாக்கும் இது. அம்பத்தேழு, அம்பத்தாறு, அம்பத்தஞ்சு, இன்னைக்கு அம்பத்து நாலு. சொல்லி வச்ச மாதிரி கிழமைக்கு ஒரு கிலோ போவுது. லிஜின் அண்ணன் வீட்டில வேல ஏதும் செய்யுதாரா?"

"கட்டிலும் கக்கூசும்தான் மக்களே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியின் தலை அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. கனமே இல்லை. அப்போதுதான் அவளுக்குத் தான் நடந்த நான்கு வாரமும் அவனிடமிருந்து போன நான்கு கிலோவும் கண்முன் வரிசைக்கு வந்து நின்றன. சீ, இதென்ன கிறுக்கு என்று ஜெபம் சொன்னாள். அதற்கு அடுத்த மூன்று நாளும், வேறு வழியில்லாமல், நடக்கவும் செய்தாள். அப்படி வந்ததுதான் அந்த வியர்க்காத சாயங்காலம்.

மறுநாள் முதல் ஒரு வாரம் மெஷினில் கால் வைக்கவில்லை. லிஜினின் எடை ஒரு இம்மியும் குறையவில்லை. கஞ்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான்.

எட்டாம் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறினாள். நடந்தாள். உள்ளே மூச்சு ஆரம்பித்தது. வேகத்தைக் கூட்டினாள். மூச்சும் கூடியது. ஏற்றத்தை உயர்த்தினாள். இரும ஆரம்பித்தான். குதித்து இறங்கினாள். நின்றது.

எடைக்கான பட்டனை அழுத்தினாள். ஐம்பத்தெட்டு என்று போட்ட இடத்தில் ஐம்பத்து நான்கு என்று இருந்தது. யாரும் மாற்றவில்லை. எண்பத்து நான்கு என்று அழுத்தினாள். கூவியது. ஐம்பத்து நான்கு. மறுபடி அழுத்தினாள். ஐம்பத்து நான்கு. "எனக்கிட்ட இருந்து எடு, சவமே! எனக்க சதையத் தின்னு!" என்று அந்தப் பச்சை எழுத்தை ஓங்கிக் குத்தினாள். பிளக்கைப் பிடுங்கி வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது தீர்க்க நேரம் ஏது? இன்னும் ஏழு வாரம். பன்னிரண்டு கிலோ அப்படியே இருக்கிறது. நடக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் லிஜின் இல்லை. மெஷின்தானே வேண்டாம், ரோடு எங்கே போய்விட்டது? வீட்டிலிருந்து பள்ளி முக்கு வரை போய்த் திரும்பினாள். செம்மண் காலில் அப்பியது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அந்த எரிச்சலில் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. இரண்டு நாள் அப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரம். பள்ளி முக்கில் திரும்பும்போது நெற்றியைத் துடைத்தாள். காய்ந்திருந்தது. முதுகு காய்ந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை. கால் வலிக்கவில்லை.

பதறிப்போய் ஓடினாள். பாதி வழியில்தான் ஓடக்கூடாது என்று உறைத்தது. நின்றாள். நடந்தாள். நடக்காமல் வீடு போய்ச் சேருவது எப்படி?

ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. கூடம் இருட்டு. இருட்டுக்குள் பச்சை எழுத்து. பிளக் தரையில் அவள் வீசிய இடத்தில் கிடந்தது.

எடை: நாற்பத்தேழு. ஒரே நடையில் ஏழு கிலோ; ஆபேல் சொன்ன கணக்கெல்லாம் போயிருந்தது.

அதற்குக் கீழே கலோரி. ஆயிரத்து இருநூற்றுப் பத்து.

"அக்கா..." உள்ளேயிருந்து காற்றுபோல ஒரு குரல். "கொஞ்சம் வெள்ளம் தா."

"இந்தா வாறேன் மக்கா."

ஒரு அடி வைத்தாள். எண் நகர்ந்தது. திறந்த கதவு வழியாக அந்தப் பச்சை வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. போர்வைக்குள் லிஜினின் வலது கால் மடங்கி நீண்டது. இன்னொரு அடி. எண் நகர்ந்தது. இடது கால்.

நின்றுவிட்டாள்.

கட்டிலுக்கு ஆறே அடி. கூஜா அவன் தலைமாட்டில்தான் இருந்தது. அவன் கை அதை நோக்கி நீண்டு, எட்டாமல், விழுந்தது. மணிக்கட்டு ஒரு குழந்தையுடையதுபோல் இருந்தது.

"அக்கா, கேக்குதா? தொண்ட காயுது."

"கேக்குது மக்கா. கேக்குது." அசையவில்லை. விரலைக்கூட அசைக்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"பின்ன ஏன் அங்ஙன நிக்கிய?"

எண் நகர்ந்தது.

அவள் அடி வைக்கவில்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பயத்தில் பறையடிபோல் அடித்தது. ஒரு துடிப்புக்கு ஒரு கலோரி. ஒன்று. ஒன்று. ஒன்று. கட்டுப்படுத்தப் பார்த்தாள். கர்த்தாவே, நிறுத்து. இன்னும் வேகமாக அடித்தது. எண் ஓட ஆரம்பித்தது.

நாற்பத்தாறு.

"அக்கா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருட்டில், போர்வைக்குள், லிஜினின் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.